பேரின்பநாயகம் மாமாவின் சாதாழைப் பீப்பா

எங்கள் கட்டடத்தில் பேரின்பநாயகம் மாமாவின் கதவை யாரும் தட்டுவதில்லை. தேர்தல் நேரத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்க வருகிறவர்கள்கூட இரண்டாம் மாடியோடு களைத்துத் திரும்பிவிடுவார்கள். பெயரில் பேரின்பமும் இருக்கிறது, நாயகமும் இருக்கிறது. வீட்டில் ஒரு கதிரைதான் இருந்தது. நாங்கள் அவருக்கு நேர் கீழே. அந்தக் கதிரை இழுபடும் சத்தத்தை வைத்தே அவர் சாப்பிட உட்காருகிறாரா, எழும்புகிறாரா என்று சொல்லிவிடுவேன்.

அவருடைய மனைவி இராசேஸ்வரியும் மகன் தனேசும் லண்டனில். பலெர்மோத் தமிழரில் பாதிப்பேர் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்: இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, பெட்டியைக் கட்டினார்கள். மாமாவின் பாஸ்போர்ட் மட்டும் பிந்தியது. அது வந்து சேர்ந்தபோது இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே போய்விட்டது, அந்தப் பாஸ்போர்ட்டோடு அங்கே குடியேற வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பார்கள். பாதியில் தனேஸ், "அப்பா, லைன் சரியில்லை" என்பான். லைன் நல்லாய்த்தான் இருக்கும். கீழே எங்களுக்கே கேட்கும்.

மாமாவின் வேலை கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் விடுவது. பதற வேண்டாம், இது போதை ஏறாத சாதி. அந்த வருஷங்களில் இத்தாலியில் அதைக் கடை போட்டு விற்றார்கள். போர்கோ வெக்கியோவில் ஸ்ரெல்லா என்ற பெண்ணுக்கு அப்படி ஒரு கடை. மேலே மொட்டைமாடியில் வரிசையாய்ச் சாடிகள். மாமா கடையைக் கூட்டித் துடைத்துவிட்டு மேலே ஏறுவார். கிழமைக்கு ஒருதரம் கறுப்புப் போத்தலில் இருந்து ஒரு மூடி அளந்து, வாளித் தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றுவார். கடற்பாசிச் சாறு. அதையே இன்னும் ஐதாக்கி, வெயில் ஏற முன்னம் இலைக்கும் அடிப்பார். பூ வைத்த பிறகு இலைக்கு அடிக்கக்கூடாது, பூஞ்சணம் பிடிக்கும்.

"இது சாப்பாடு இல்லை, பேரி," என்று ஸ்ரெல்லா முதல் நாளே சொல்லியிருந்தாள். முழுப் பெயர் அவளுடைய வாயில் நிற்காது. "சாப்பாடு வேறை. இது தென்பு. வேர் நல்லாய் ஓடும், ஷிரோக்கோ அடித்தாலும் செடி சோராது." ஷிரோக்கோ என்பது ஆபிரிக்காப் பக்கம் இருந்து வரும் அனல்காற்று. அது அடிக்கிற நாளில் மனிசருக்கே ஒரு மூடி தேவைப்படும்.

அந்தச் செடியின் மணம் சட்டைக்குள் ஏறினால் இலேசில் இறங்காது. பஸ்ஸில் மாமாவுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. கோயிலில் நாலு பக்கமும் நல்ல காற்றோட்டம். "அந்தாள் கஞ்சா அடிக்குது போல கிடக்கு" என்று எங்கள் ஆட்கள் கதைத்தார்கள். அவர் சுருட்டுக்கூடப் பிடிக்காதவர். யாராவது நேரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் கறுப்புப் போத்தலைக் காட்டி ஸ்ரெல்லாவிடம் அவர் வாயைத் திறந்தார். "சிஞ்ஞோரா, இது எங்கடை ஊரிலை கரையிலை சும்மா ஒதுங்கிக் கிடக்கும். சாதாழை எண்டு சொல்லுவம். தென்னைக்கும் புகையிலைக்கும் தாட்டால்..." என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் தொடங்கினார். தென்னைக்குச் சொல் கிடைத்தது. தாட்டதற்கு, மண்ணில் புதைப்பதற்கு, சொல் தேடிக்கொண்டிருக்கும்போது அவளுடைய ஃபோன் அடித்தது. "பிராவோ, பேரி, பிராவோ!" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு ஓகஸ்ட் வந்தது. ஓகஸ்டில் இந்த ஊரில் சாமிகளே கடை பூட்டிவிட்டுக் கடலுக்குப் போவது போலத்தான் இருக்கும். ஸ்ரெல்லாவும் கடைப் பூட்டின் திறப்பையும் போத்தலையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாமா போத்தலைத் தொடவில்லை. அவள் திரும்பி வரும்போது சாதாழை என்றால் என்னவென்று காட்டிவிட வேண்டும், அவள் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய திட்டம். றொமன்யோலோக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்ததைச் சாக்கில் அள்ளி பஸ்ஸில் ஏற்றினார். அன்றைக்கு அவருக்கு மட்டும் முழு பஸ். சந்தையில் ஒலிவ்காய் வருகிற நீலப் பீப்பா ஒன்றைப் பல்கனியில் வைத்து, எல்லாவற்றையும் போட்டுத் தண்ணீர் விட்டு, வீடு கூட்டும் தும்புத்தடியால் காலையும் மாலையும் கலக்கினார்.

நாறியது. சும்மா நாற்றம் இல்லை. பல்லரோச் சந்தையில் மீன்கடைகளுக்கு மேலே குடியிருந்து பழகிய எங்களையே எழுப்பி உட்காரவைத்த நாற்றம்.

முதலில் மேலே போனது என் அம்மா, பெயர் கிளறா. மன்னார்க்காரி, சண்டைக்குப் போகும்போது கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் போவா. நான் பின்னாலேயே போனேன், இலவசப் படத்தை யார் விடுவார்கள்?

"அண்ணை, என்ன வேலை பாக்கிறியள்? பல்கனியிலை ஆரையாவது வெட்டிப் போட்டிருக்கிறியளோ?"

"இல்லைத் தங்கச்சி, சாதாழை."

"சாதாழையோ!" அம்மாவின் கொண்டை தளர்ந்துவிட்டது. "எங்கடை பக்கமும் தென்னைக்குத் தாட்டு விடுறவை. அதுக்கு ஏன் இஞ்சை, வீட்டுக்குள்ளை?"

"இருங்கோவன், தேத்தண்ணி வைக்கிறன்."

இருக்கிறதற்கு ஒரு கதிரைதான். அதில் அம்மா இருந்தா, மாமா நின்றார். அம்மா திரும்பிவர நெடுநேரம் ஆனது. "நாத்தம் நாத்தம்தான். ஆனால் அந்த மனிசன் சுட்ட வாழைப்பழ வாய்ப்பன் நல்லாயிருந்தது" என்றா.

அடுத்து நாலாம் மாடிச் சிஞ்ஞோரா, ஒரு இத்தாலிய அம்மா, இறங்கிப் போனா. "மதோன்னா மியா!" என்று மாதாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு போனவ, தன் முழங்கால் வருத்தத்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தா. பிறகு முதலாம் மாடி சுரேஸ் அண்ணை. சங்கக் கூட்டமொன்றில் வாக்குவாதத்தில் கொழுவுப்பட்டதில் இருந்து மாமாவோடு முகம் பார்க்காதவர்.

"உந்தப் பீப்பாவை எடுக்கிறியளோ, இல்லாட்டி நான் தூக்கி எறியட்டோ?"

"எறியலாம் தம்பி. முதல் தேத்தண்ணியைக் குடியும். சீனி எத்தினை?"

"...ரண்டு."

அந்தக் கிழமையே மாமா பழைய சாமான் சந்தையில் மூன்று கதிரைகள் வாங்கிவந்தார். எங்கள் தலைக்கு மேலே கதிரைகள் இழுபடத் தொடங்கின. ஆட்கள் ஏசப் போனார்கள், இருந்து கதைத்துவிட்டு வந்தார்கள். அடுத்தநாள் இன்னொரு தரம் ஏசப் போனார்கள்.

இதற்கிடையில் செடிகள் எரிந்தன. பீப்பாத் தண்ணீரை முதலில் இரண்டு சாடிக்கு ஊற்றிப் பார்த்திருக்கிறார். இலை நுனியெல்லாம் மண்ணிறமாகி, சுருண்டு, இரண்டும் பட்டுப்போயின. உப்பு. கதையைக் கேட்ட அம்மா தலையில் கையை வைத்தா.

"அண்ணை, அது மாரி முழுக்க வெளியிலை குவிஞ்சு கிடந்து, மழை உப்பைக் கழுவினாப் பிறகெல்லே தாட்டு விடுறது!"

மாமா தன் ஊரான புங்குடுதீவில் சாதாழை குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஏன் குவித்து வைத்தார்கள் என்று தெரியும் வயதுக்கு முன்னமே ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். பலெர்மோவில் ஓகஸ்டில் மழைக்கு எங்கே போவது?

அன்றோடு ஒழுங்காய்ப் போத்தலுக்குத் திரும்பிவிட்டார். ஒரு மூடி, ஒரு வாளி. ஷிரோக்கோ மூசி அடித்தபோதும் மிச்சச் செடிகள் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஆனால் பீப்பா பல்கனியிலேயே இருந்தது. ஒருநாள் அம்மா தந்துவிட்ட மீன் குழம்போடு நான் போனபோது அவர் கலக்கிக்கொண்டு நின்றார்.

"மாமா, இதைத்தான் செடிக்கு விடுறேல்லையே. பிறகேன் கலக்கிறியள்?"

அவர் தடியை நிறுத்தவில்லை. "கலக்காட்டி நாறாது, பிள்ளை."

எதையும் நக்கலடிக்கிற வாய் எனக்கு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கும் அந்த வாய்தான் காரணம் என்று அம்மா சொல்லுவா. அன்றைக்குக் குழம்புச் சட்டியை மட்டும் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

கடைசியில் வீட்டுச் சொந்தக்காரனின் ஆள் வந்தான். பீப்பா போகவேண்டும், இல்லாவிட்டால் பீப்பாவும் ஆளும் சேர்ந்து போகவேண்டும் என்றான். அவனுக்கும் மாமா தேத்தண்ணி நீட்டினார். அவன் மூக்கைப் பொத்திய கையை எடுக்கவில்லை, அதனால் குடிக்க வழியில்லை.

சுரேஸ் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் பீப்பாவைப் படியால் இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவர் காலில் ஊற்றுப்பட்டது. ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பாஷையில் தூஷணம். சுரேஸ் அண்ணையின் மூன்று சில்லு ஆப்பே வண்டியில் ஏற்றி, றொமன்யோலோவிலேயே கொண்டுபோய்க் கடலுக்குள் கவிழ்த்தார்கள். மாமா வண்டியின் பின்தட்டில் இருந்து, பீப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்.

ஸ்ரெல்லா திரும்பி வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். சாடிகளைப் பார்த்தாள், "பிராவோ, பேரி" என்றாள். இரண்டு சாடி குறைவதைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் சொல்வதற்கு ஆயத்தமாய் வைத்திருந்த இத்தாலியன் வசனங்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

எங்கள் தலைக்கு மேலே திரும்பவும் ஒரு கதிரை மட்டும் இழுபட்டது. மிச்சம் மூன்றும் அசையவில்லை. யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை, கோபம் இல்லாவிட்டால் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்கு வேறு காரணம் வேண்டும், அதுதான் யாரிடமும் இல்லை. அம்மா இரண்டு வீட்டில் வேலை முடித்து லிபெர்த்தாத் தெருவில் இருந்து வரும்போதே காலை இழுத்துக்கொண்டுதான் வருவா. ஒரு மாலை, மேலே அந்த ஒற்றைக் கதிரை இழுபட்டு, பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் ஏறிப்போய்க் கதவில் குத்தினேன்.

"மாமா, நாறுது."

அவர் திரும்பிப் பல்கனியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "ஒண்டும் இல்லையே, பிள்ளை. பீப்பாதான் போய்ட்டுதே."

"எனக்கு நாறுது. அம்மாவுக்கும் நாறுதாம். உங்களை ஏசவெண்டு படியிலை ஏறிக்கொண்டிருக்கிறா."

அம்மா உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்தா, கொண்டையைக் கட்டிக்கொண்டு. மாமா படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சுரேசுக்கு?"

"அவர் வேலையாலை வந்த உடனை நாறும்."

"மேல்மாடிச் சிஞ்ஞோராவுக்கு?"

"நான் போய்ச் சொன்னால் நாறும்."

மாமா உள்ளே போனார். தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு பைப்பைத் திறந்து இன்னும் தண்ணீர் விட்டார்.