ஈரத் தரையில் முழுப்பாதம்

என் மகளை எல்லாரும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், மறைப்பானேன். அவளுக்கு இரண்டு பாதமும் தட்டை. குளித்துவிட்டு வந்தால் செங்கல்லை நனைத்து வைத்த மாதிரி தரையில் முழுத்தடம் விழும், நடுவில் வளைவே இராது.

பதின்மூன்று வயதில் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் படி ஏறவே அழுதாள். பயிற்சி, செருப்புக்குள் வைக்கும் மெத்தை என்று இரண்டு வருஷம் பார்த்தோம். வலி விடவில்லை.

எலும்பு டாக்டர் ஒரு பெண். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"குதிகால் எலும்பை அறுத்து, நடுவுல ஒரு துண்டு வெச்சு நீட்டணும். அப்பதான் பாதத்துல வளைவு வரும். முதல்ல இடது கால். மூணு மாசம் கழிச்சு வலது."

"துண்டுக்கு எங்க போவீங்க?" என்றாள் வாத்து.

"செத்தவங்க தானமா குடுத்தது. சுத்தம் பண்ணி வெச்சிருக்கோம்."

"அப்ப எனக்கு ஆயுசுக்கும் துணைக்கு ஒரு ஆள்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். வாய்க்கொழுப்பு என்னைப் போல.

அந்தச் சிரிப்பு ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் காலையில் போயிற்று. இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி வார்டில் அவள் கட்டில் கடைசியில், சுவரோரம். நான் குழாயடியில் டம்ளர் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் தரையையே வெறித்தாள்.

"அம்மா, அது என் தடம்."

வாசலிலிருந்து கட்டில்வரை ஈரப்பாதங்கள். முழுசு முழுசாக, செங்கல் செங்கலாக.

"நான் கீழ கால் வைக்கவே இல்லம்மா. எலும்புக்காரங்க அவங்க எலும்பைத் தேடி வந்துட்டாங்க. என் கால்லயே நடந்து வராங்க. இன்னொரு கால்ல கத்தி வைக்க விடமாட்டேன், போ!"

டாக்டரிடம் ஓடினேன். "அவ சம்மதிக்காம நான் தொடமாட்டேன்மா. ஆனா அந்தக் கால் வலிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருஷம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைத்தவள் நான். துடைக்கிறவர்கள் பின்னோக்கியே நடப்போம். வைத்த தடத்தைத் துடைப்பானே அழித்துக்கொண்டு வரும். ஊரார் தடத்தையெல்லாம் துடைத்த நான் என் தடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. குழாயில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு அவள் முன்னால் நேராக நடந்தேன்.

அதே செங்கல்.

"பாத்தியாடி? எலும்புக்காரியும் இல்ல, பேயும் இல்ல. உன்னைப் பெத்த பேய்தான்."

வாத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப உனக்கில்ல முதல்ல ஆபரேஷன் பண்ணியிருக்கணும்! சரி, வலது காலையும் பண்ணச் சொல்லு."

யாராவது வழுக்கி விழுவார்களே என்று துடைப்பான் வாங்கித் துடைத்தேன். கைப்பழக்கம் விடுமா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்திலும் துடைப்பானை நீட்டினேன். அங்கே ஓர் ஈரத்தடம் இருந்தது. ஒற்றை இடது பாதம். விரல்கள் கட்டிலைப் பார்த்து இருந்தன. நடுவில் பிறை மாதிரி வளைவு.

அந்தச் சந்துக்குள் நான் போகவே இல்லை. எங்கள் வீட்டில் வளைவுள்ள பாதம் யாருக்கும் இல்லை.

சொன்னால் வலது கால் போச்சு. வாயைத் திறக்காமல் துடைத்தேன்.

மூன்று மாதத்தில் வலது காலுக்கும் ஆயிற்று. இன்று அவள் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள், வலி என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால் நான் செய்தது சரி. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அவள் குளித்துவிட்டு வரும்போது இடது தடம் விழுகிறதே, அது நான் அன்றைக்குத் துடைத்த தடம். அச்சு அசல் அதேதான்.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் துடைத்துவிடுகிறேன்.