முருகன் அனுப்பிய சொம்புத் தண்ணீர்

முருகனை நம்பும் சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். எனக்கு மேடையேறிப் பேச வராது. ஓடத்தான் வரும். அதையும் ஒருமுறை அவன் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். பிறகு திருப்பிக் கொடுத்தான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்கத்தாவில் மெட்ரோ ரயிலுக்காக ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. அம்மா இல்லை. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவும் நானும்தான். அப்பா ரிட்டயர் ஆன கையோடு பக்கவாதம் வந்து இடது பக்கம் விளங்காமல் போயிற்று. நான் ஓட்டக்காரி என்பதால் ரயில்வே ஆபீஸில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கொடுத்திருந்தார்கள். அது நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். நடக்க முடியாத மனிதரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

அந்த நேரம் பார்த்து எனக்கு டைபாய்டு வந்தது. ஒரு மாதம் படுக்கை. எழுந்தபோது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. விளையாட்டுப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால், இனி இவளால் ஓட முடியாது என்று மேலே பேச்சு வந்துவிட்டதாம். "ஜனவரியில் நடக்கும் அரை மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடித்துக் காட்டு. உன் பெயரை அனுப்புகிறேன்" என்றார். இருபத்தொரு கிலோமீட்டர்! அதில் கால்வாசிக்கு மேல் நான் ஓடியதே இல்லை.

விடிகாலையில் எழுந்து கிதர்பூர் வழியாக மைதானம் வரை ஓடுவேன். திரும்பி வரக் கால் ஒத்துழைக்காது. பஸ் பிடித்து வந்து ஆபீஸில் உட்கார்ந்தால் ஃபைல் மேலேயே தலை சாயும். ஒரு நாள் கிதர்பூர் பாலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். முருகா, எனக்குக் காலைக் கொடு என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

சாயங்காலங்களில் அப்பா என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, நல்லாயிருக்கிற கையால் தைலம் தேய்ப்பார். பெற்றவர் மடியில் காலை வைக்க எனக்குக் கூசும். இழுத்துக்கொள்வேன். விடமாட்டார்.

"ஏட்டி, இந்த வீடு போனா வேற வீடு கெடைக்கும். உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாரைப் பார்ப்பேன்?" என்பார்.

ஓட்டம் ஒரு சஷ்டியன்று வந்தது. முருகனே குறித்த நாள் என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? முதல் நாள் சாயங்காலத்திலிருந்து ஓட்டம் முடிகிற வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று வேண்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் புத்தியை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டு பௌதியிடம் இதைச் சொன்னேன். அண்ணியை வங்காளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பௌதி தலையில் அடித்துக்கொண்டாள். "பாகல் மேயே! பைத்தியக்காரப் பொண்ணே! தண்ணி குடிக்காம ஓடுன்னு எந்தச் சாமி கேட்டுச்சு?" என்று வங்காளியில் சத்தம் போட்டாள். விரத நாளிலும் மீனை நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டேன்.

மைதானத்திலிருந்து ஜாதவ்பூர் வரை போய்த் திரும்ப வேண்டும். போகும்போது தெம்பாகத்தான் இருந்தேன். திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. தோண்டிய மண்ணின் புழுதி தொண்டையில் அப்பிக்கொண்டது. நாக்கு உலர்ந்தது. நம் தமிழர்கள் கடை வைத்திருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் வந்தபோது கண் இருட்டியது. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்பாவின் முகம்தான் தெரிந்தது. முருகா, என்னால் முடியவில்லை, இனி உன் பாடு என்றேன்.

"ஏய் மேயே!" என்று ஒரு குரல். பௌதி! கையில் பித்தளைச் சொம்பு. மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"குடி!"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"இது தண்ணி இல்லைடி. காளிகாட் அம்மாவோட சரணாமிருதம். வேண்டாம்னு சொல்லுவியா?"

சரணாமிருதம் என்றால் நம் தீர்த்தம்தான். சாமி தீர்த்தத்தை யாராவது மறுப்பார்களா? அதைக் குடித்தால் விரதமும் முறியாதே! முருகனிடம் கேட்டேன், அவன் தாயே கொடுத்தனுப்பிவிட்டாள் என்று உடம்பு சிலிர்த்தது. இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். உப்பும் இனிப்புமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. நடந்தேன். பிறகு ஓடினேன். மைதானத்தில் ஜெயித்தவர்களுக்கு மாலை போட்டு முடித்துவிட்டிருந்தார்கள். அதிகாரி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். இரண்டரை மணி நேரம் ஆக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

பங்குனியில் ஆர்டர் வந்தது. வீடு நிலைத்தது. அப்பா அந்தக் காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கேசரி கிளறிப் பௌதிக்குக் கொண்டுபோனேன். "உங்க அம்மாவோட சரணாமிருதம்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்றேன். பௌதி முகம் மாறியது. என்னை உட்காரவைத்தாள்.

"அன்னிக்குக் கோயிலுக்குள்ளே போகவே முடியலை. அவ்வளவு கூட்டம். நீ கடந்து போயிடுவியேன்னு வாசல்லயே கும்பிட்டுட்டு ஓடி வந்தேன். அது உங்க தமிழ்க் கடையில வாங்கின தண்ணிதான். உப்பும் சர்க்கரையும் போட்டேன். பொய் சொன்ன பாவம் எனக்கு வரட்டும், பொண்ணு பொழைக்கட்டும்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் விரதம் முறிந்துதான் போயிருந்தது. முருகன் என்னைத் தண்டிக்கவில்லை. நான் வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீரையே என் வாயில் ஊற்றியிருக்கிறான்.

அன்றிலிருந்து உடம்பை வாட்டி அவனிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். கஷ்டத்தில் இருக்கும் அன்பர்களே, நீங்களும் வெறுங்கையோடு போய்க் கேளுங்கள். நிச்சயம் தருவான். யார் கையில் கொடுத்தனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சஷ்டிதோறும் விளக்கேற்றியதும் எனக்காக எதுவும் கேட்பதில்லை. முருகா, அந்தப் பொய்யின் பாவம் பௌதிக்கு வேண்டாம், எனக்கே வரட்டும் என்று மட்டும் கேட்கிறேன்.