உறையில்லாத பறை

ஞாயிறுதோறும் பெரம்பலூர் மைதானத்தில் பறையடிக்கப் பழகுகிறேன். எங்கள் சாதியில் யாரும் தொடாத வாத்தியம். அதனால் குன்னத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது துணிப்பையில் மூடித்தான் எடுத்துவருவேன்.

ஒருநாள் டவுனுக்கு வந்த பெரியப்பா மைதானத்தில் என்னைப் பார்த்துவிட்டார்.

"யாருதுடா இது?"

"இவங்களுது பெரியப்பா" என்று, கூடப் பழகும், காலனியிலிருந்து வரும் செல்வியின் கையில் பறையைத் திணித்தேன்.

"ஆமாங்க, என்னுதுதான்" என்றாள் அவள்.

அவர் போனதும் பறையைத் திருப்பித் தந்தாள். "இதையும் நாங்கதான் சுமக்கணுமாங்க?"

அடுத்த ஞாயிறு பையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பஸ்ஸில் பெரியப்பாவும் இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பறையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னுதுதான் பெரியப்பா" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

அவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். அதற்கு நான் வெட்கப்படவில்லை. செல்வியின் கையில் திணித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.