சைக்கிளில் படித்த வரைபடம்

கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றிருந்தேன். போர் முடிந்து சைகோனுக்குப் பெயர் மாறியிருந்த காலம். காரைக்காலிலிருந்து அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சில் படித்துவந்த எனக்கு, பௌதிகம் திடீரென்று வியட்நாமிய மொழிக்கு மாறியதில் பாதிப் பாடம் புரியவில்லை. ஒரு பெண் நேரான சாலையில் சைக்கிளில் போகிறாள், வேகம் குறைந்து நிற்கிறாள். நேரம் போகப்போக அவள் எங்கே இருக்கிறாள் என்று வரைந்து காட்டு என்றார் ஆசிரியை. ஏறிப்போன கோட்டைக் கடைசியில் அடிவரைக்கும் இறக்கிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு பௌதிகத்தில் தேறாவிட்டால் கடைசி வகுப்புக்குப் போக முடியாது.

சிரிக்காதவள் என் பக்கத்தில் உட்காருகிறவள். நகரின் சீனர் பகுதியான சோலோனில் தகரப் பட்டறை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அன்று மாலை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கால்வாயோரச் சாலையில் சைக்கிளை மிதித்தாள். வேகம் பிடித்து, சீராகப் போய், பிரேக் போட்டு நின்றாள். கிளம்பும்போது பின்னால் சாய்ந்தேன். நிற்கும்போது அவள் முதுகில் மோதினேன்.

"நாம நின்னுட்டோம். ஆனா கிளம்பின இடத்துக்குத் திரும்பிப் போகலையே. அப்புறம் ஏன் உன் கோடு கீழ இறங்குது?" என்று வியட்நாமிய மொழியில் நிதானமாகக் கேட்டாள்.

அப்போதுதான் விளங்கியது. நான் இறக்கியது வேகத்தை. இடத்தைக் காட்டும் கோடு எட்டிய உயரத்திலேயே படுத்துக்கிடக்க வேண்டும். குச்சியால் மண்ணில் அதை வரைந்தோம். அதன் கீழே வேகம்: ஏறி, சமமாகி, பூஜ்யத்துக்கு இறங்கியது. அதற்கும் கீழே முடுக்கம்: நான் சாய்ந்த நேரத்தில் அச்சுக்கு மேலே, மோதிய நேரத்தில் அச்சுக்குக் கீழே. இருட்டும்வரை அழித்து அழித்து வரைந்தோம்.

தேறினேன். "அந்தப் புள்ளைய ஒருநாள் சாப்பிடக் கூட்டியா" என்றாள் அம்மா. வந்தாள், ரசத்தின் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

சில மாதங்களில் காரைக்காலுக்குப் போக எங்களுக்கு அனுமதி கிடைத்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பிய காலை, த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் அவள் மிதித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வேகம் கூடிக்கொண்டே போனது. அவள் கூட்டத்தில் மறைந்தாள்.

போன ஆண்டுதான் சோலோனுக்குத் திரும்பிப் போக முடிந்தது. பட்டறை இருந்த இடத்தில் கைபேசிக் கடை. உள்ளே அவள் தம்பி. அக்கா ஆஸ்திரேலியாவில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றுவிட்டாள் என்று சொல்லி, உடனே கைபேசியில் அவளை அழைத்து என் கையில் கொடுத்தான். என் பெயரைச் சொன்னேன். அவள் சட்டென்று சிரித்தாள். இத்தனை ஆண்டுகளில் மறந்துபோயிருந்த வியட்நாமியச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.