சித்தியின் பாட்டும் கொட்டாஞ்சேனைத் தட்டமும்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பு. கேக் வெட்டி முடிந்ததும் டிஜே பையன் ஒரு பாட்டைப் போட்டான். அதுவரை கட்லட்டைப் பற்றி மட்டும் தீவிரமாகச் சிந்தித்துக்கொண்டிருந்த மண்டபம் எழுந்து ஆடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த இளம்பெண், "ஆன்ட்டி, இது கனடாவில ஆரோ பாடினது, சரியான ஃபேமஸ்" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அதைப் பாடியவர் இரண்டு மேசை தள்ளி, ஐஸ்கிரீமில் இருந்த கஜுவை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என் சித்தி.

எங்கள் குடும்பத்தில் எஞ்சினியர்மாருக்கும் எக்கவுண்டன்மாருக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் பஸ்ஸில் ஒலித்த குரல் ஒன்றுதான். அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி, பகலில் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்து அடிப்பார். மாலையில் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் ஆடிக்கொண்டே பாடுவார். சொந்தப் பாட்டுகளும் பாடியிருக்கிறார். அந்தக் கசெற்றுகள் எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இன்றும் மிகுந்த பாதுகாப்புடன் இருக்கின்றன, யாரும் கேட்டு வராதபடியால். அவரை ஆளாக்கியது இன்னொருவரின் பாட்டு.

அது ரேடியோக் காலத்துப் பழைய பாட்டு. கடற்கரை ஸ்டேஷனில் ஒரு பெண் ரயிலுக்காகக் காத்திருக்கிறாள், ரயில் வரவில்லை, பாட்டும் அவசரப்படவில்லை. சித்தி அதற்கு அடியில் இடிக்கிற ஒரு தாளத்தைப் போட்டார். காத்திருந்த பெண் பொறுமை இழந்து, தானே ரயிலைத் தள்ளிக்கொண்டு ஓடுவதுபோல் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் அதை ஒரே இரவில் மூன்று தடவை கேட்டார்கள். மேடையின் இடது மூலையில், மினுக்குப் பொட்டு வைத்துத் தைத்த ஃபிறொக்குடன், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி நான்தான். பாட்டு தொடங்குமுன் மைக்கில் "ரெடியா!" என்று கத்துவதும் என் பொறுப்பு. அந்தப் பாட்டின் வெற்றியில் பாதி அந்தக் கத்தலால் வந்தது என்று அப்போது மனமார நம்பினேன்.

கசெற் போட ஒருவர் முன்வந்தார். ஆனால் முதலில் பாடியவரின் சம்மதம் இல்லாமல் போடமாட்டேன் என்றுவிட்டார். விசாரித்ததில் அந்த அம்மா உயிரோடு கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பாட்டை விட்டுவிட்டாராம். கணவர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, பிறருடைய பைகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டே பென்ஷன் எடுத்தவர். கல்யாண வயதில் ஒரு மகன். இவ்வளவும் தெரிந்த பிறகும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

சித்தி தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். அப்பாவுக்கு அது சரிப்படவில்லை.

"பெரிய மனுசியிட்டப் போய் ஒரு விஷயம் கேக்கிறது. வெறுங்கையோடயே போறது?"

ஆகவே தட்டம் வைப்பது என்று முடிவானது. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புக் கதலி, கற்கண்டு. அம்மா பார்த்தார், போதாது போலப் பட்டது, அந்தப் பாட்டுக்கார மாமிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு பட்டுச் சேலையை நடுவில் வைத்தார். சேலை வைத்தபின் பூ வைக்காமல் விடுவது எப்படி? பூவும் வந்தது. அப்பா பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்து, அந்த நேரத்துக்கு வருவதாக ஃபோனில் சொன்னார். மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் நான்காவது ஆளாக என்னையும் ஏற்றினார்கள். சித்திக்கு அம்மாவே தலை இழுத்துப் பின்னி, சங்கிலி போட்டுவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்த சுங்க மாமா முதலில் தட்டத்தைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் நான் அதன் பிறகு ஒருபோதும் காணாத ஒரு மலர்ச்சி வந்தது. "வாங்கோ, வாங்கோ" என்றவர், எங்களை இருத்திவிட்டு உள்ளே ஓடினார். பயத்தம் பணியாரம் வந்தது. பின்னால், தலையில் தண்ணீர் தெளித்து வாரி, மடிப்புக் கலையாத நீளக் கைச் சேர்ட்டுடன் மகன் வந்தார். கதிரையின் நுனியில் இருந்து நிலத்தைப் பார்த்தார். சித்தியும் ஏனோ நிலத்தைப் பார்த்தார். நான் பணியாரத்தைப் பார்த்தேன்.

"தம்பிக்கு நிரந்தர வேலை" என்றார் மாமா. "குடிவகை ஒண்டும் இல்லை. சாதகக் குறிப்பு எடுத்து வைச்சிருக்கிறன்."

அப்பாவின் தேத்தண்ணீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்கு அதற்கு முன்னரே விளங்கியிருக்க வேண்டும்; இருபத்தொன்பது வயதுத் தங்கையை வைத்திருந்த அவர், அந்தத் தவறைத் திருத்துவதில் பெரிய அவசரம் எதுவும் காட்டவில்லை. "தம்பி என்ன நட்சத்திரம்?" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

சித்திதான் எழுந்தார். தட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாங்கள் மகனுக்கு வரேல்லை. மாமியிட பாட்டுக்கு வந்தனாங்கள்" என்றார்.

மகன் மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டதாக எனக்கு ஞாபகம். மாமாவின் முகம் சுங்கத்துக்குத் திரும்பிவிட்டது.

"இந்த வீட்டில பாட்டுக் கதை முடிஞ்சு கனகாலம். நீங்கள் தட்டத்தைக் கொண்டு போகலாம்."

சிக்கல் அங்கேதான். எங்கள் ஆட்களிடம், ஒரு வீட்டுக்குக் கொண்டுபோன தட்டத்தை அந்த வீட்டார் கைநீட்டி வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் அதை நிலத்தில் வைக்கவும் முடியாது, திருப்பிக் கொண்டு போகவும் கூடாது. சித்தி பழமும் பட்டுமாக நடு விறாந்தையில் நின்றார். கசெற், அட்டையில் வரவேண்டிய படம், தட்டெழுத்து அறையிலிருந்து வெளியேறும் ஒரே வழி, எல்லாமே அந்தத் தட்டத்தில்தான் இருந்தன. எனக்கோ, "ரெடியா!" போய்விடுமே என்ற கவலை.

அப்போதுதான் குசினித் திரைச்சீலைக்கு அருகில் நின்ற மாமி வாய் திறந்தார்.

"தொடக்கத்தில என்ன செய்யிறீர் பிள்ளை?"

பழைய பாட்டின் தொடக்கத்தில் சொற்கள் இல்லாத ஒரு நீண்ட ஹம்மிங் உண்டு. தூரத்தில் ரயில் வருவதுபோலவும், வராததுபோலவும் இருக்கும்.

"கீபோட் வாசிக்கிறம் மாமி," என்றார் சித்தி. "அது எனக்கு வருகுதில்லை. எவ்வளவோ பாடிப் பாத்திட்டன்."

மாமி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மாமாவைப் பார்க்கவில்லை. நேரே வந்து, இரண்டு கைகளாலும் தட்டத்தை வாங்கினார். சாமி அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். மாமா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

கேற் வரை வழியனுப்ப வந்தபோதுதான் மாமி தன் நிபந்தனையைச் சொன்னார். அந்தத் தொடக்கத்தைக் கீபோட்டில் வாசிக்க வேண்டாம். தானே வந்து பாடித் தருவார். அட்டையில் பெயர் போடக்கூடாது. வீட்டுக்கும் தெரியக்கூடாது.

ஒலிப்பதிவு கிருலப்பனையில், கீபோட் வாசிக்கும் சிங்கள அண்ணனின் வீட்டுப் பின்னறையில் நடந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகள். மாமி ஒரு மரக்கறிப் பையுடன் வந்தார். வெள்ளவத்தைச் சந்தையில் கீரை நல்லது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம். கொட்டாஞ்சேனைச் சந்தையைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, ஒருவர் கீரை வாங்க வெள்ளவத்தைக்கு வருவதை யார்தான் நம்புவார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்கப் பைகளைத் திறந்து பார்த்த மனிதர் அந்தப் பையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்று மாமி சொன்னதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமி பையைக் காலடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிப் பாடினார். முடிந்ததும் கீபோட் அண்ணன் காதில் இருந்ததைக் கழற்றி, "அனே, ஆன்ட்டி..." என்றார். அதற்கு மேல் அவருக்கு எந்த மொழியிலும் வரவில்லை. சித்தி, நல்லதாய் அமைந்துவிட்டது, ஆனாலும் இன்னொரு தடவை பாடலாமா என்று கேட்டார்.

"போதும் பிள்ளை. கீரை வாடிப்போம்."

அந்த ஹம்மிங்குக்கு முன்னால் "ரெடியா!" பொருந்தாது என்று ஏகமனதாக முடிவு செய்து என்னை வெட்டிவிட்டார்கள். என் கலை வாழ்க்கை அத்துடன் முடிந்தது. கலையுலகம் அதை இன்றுவரை கவனிக்கவில்லை.

கசெற் வந்தது. காலி வீதி முழுக்க அந்தப் பாட்டுத்தான். சலூனில், ஆட்டோவில், பாமன்கடைச் சந்தியில் சோளம் விற்கிறவரின் ரேடியோவில். பள்ளிக்கூடத்தில் நான் நிலத்தில் நடக்கவில்லை. "முழுக்க முழுக்க என்ட சித்திதான்" என்று எல்லோருக்கும் சொன்னேன். அந்தத் தொடக்கம் யார் என்று ஒருத்தி கேட்டபோது, அதுவும் சித்திதான் என்றேன். ஒரு தேவையில்லாத துண்டு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பகல், சித்தியின் அடுத்த கச்சேரிச் சட்டைக்கு மினுக்குப் பொட்டு வாங்கப் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஒரு கசெற்றை மாமியிடம் கொடுப்பதற்காக நானும் சித்தியும் கொட்டாஞ்சேனை பஸ் ஏறினோம். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் மாமாவும் மாமியும். அவர்கள் எங்களைக் காணவில்லை. சித்தி என் கையைப் பிடித்து, பேசாதே என்று அழுத்தினார். அந்த நேரம் பஸ்ஸில் எங்களுடைய பாட்டு தொடங்கியது.

மாமா கையை உயர்த்தி நடத்துனரைக் கூப்பிட்டார். "மல்லி, சத்தே டிக்கக் வெடி கரண்ட" என்று, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். நான் பெருமையில் நிமிர்ந்தேன். ஹம்மிங் பஸ் முழுக்க நிறைந்தது. குடைப் பிடியில் இருந்த மாமாவின் விரல் அசையவே இல்லை. மாமி யன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

ஹம்மிங் முடிந்து தாளம் இடித்து, சித்தியின் குரல் வந்ததும் மாமா மறுபடியும் கையை உயர்த்தினார். இனிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. பாட்டு தொடங்குவதே அங்கேதானே! அவருடைய வழுக்கைத் தலைக்குப் பின்னால் நாக்கை நன்றாக நீட்டிக் காட்டினேன். "அந்த அங்கிள் உங்கட பாட்டைக் குறைக்கச் சொல்லிப்போட்டார், பாத்தீங்களே?" என்று சித்தியின் காதுக்குள் சீறினேன். சித்தி சிரித்துக்கொண்டிருந்தார், கண் ஏனோ நனைந்திருந்தது. கொடுக்க வந்த கசெற்றை மெல்லக் கைப்பைக்குள் திரும்ப வைத்தார். அவருக்கு ரோஷமே கிடையாது என்று முடிவு கட்டி, அவருடைய பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனை வரை போனேன்.