கண்ணாடிக்காரி இரண்டாம் பாகம்

என் தம்பி சினிமாவில் காமெடி டைரக்டர். ஊரையே சிரிக்க வைக்கிறவன் என்று எங்கள் ஊர் மரக்காணத்தில் அவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அவன் ஒரு ஜோக் சொல்லி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர் நடப்பதைப் போல நடந்து காட்டி அடி வாங்குவான். அதே வேலைக்கு இப்போது சம்பளம் கொடுக்கிறார்கள்.

பன்னிரண்டாவது முடித்ததும் சென்னைக்கு ஓடிப்போய் ஒரு பெரிய டைரக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தான். அங்கே முதல் பாடமே சிரிப்பதுதானாம். மானிட்டரைப் பார்த்து டைரக்டர் சிரித்தால், உதவியாளர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அவர் சிரிக்காவிட்டால் எவனும் சிரிக்கக் கூடாது. என் தம்பி மடமடவென்று மேலே வந்துவிட்டான் என்றால் எப்படிச் சிரித்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய முதல் படம் ஓடியதே ஒரு கறுப்புக் கண்ணாடியால்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்தே கண் கெட்டுவிடும். எனக்கும் கெட்டது. கண்ணாடி இல்லாமல் உப்புப் பாத்தியில் இறங்கினால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று பாண்டிச்சேரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கண் முகாமில் கொடுத்த கண்ணாடியை நானும் மற்ற பெண்களும் போட்டுக்கொண்டோம். தலையில் முண்டாசு, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. ஒரு கோடையில் ஊருக்கு வந்த தம்பி அதைப் பார்த்தான். ஒரு காமெடி நடிகருக்கு அதே வேஷத்தைப் போட்டு, ‘கண்ணாடிக்காரி’ என்று பெயர் வைத்து, இடுப்பை ஆட்டி நடக்க விட்டான். தமிழ்நாடே சிரித்தது.

எங்கள் உப்பளம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பாண்டிச்சேரிக்குக் குடிக்கப் போகிற பையன்கள் பைக்கை நிறுத்தி, “கண்ணாடிக்காரி, ஒரு ஸ்டெப் போடு!” என்று செல்போனை நீட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாள். நானும் கழற்றினேன். அடுத்த கோடைக்குள் பஸ் போர்டைப் படிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. தம்பி மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் வேறு யாராவது அவனைத் திட்டினால் நான்தான் சண்டைக்குப் போவேன்.

அதற்குப் பிறகு அவன் எடுத்த இரண்டு படமும் படுத்துவிட்டன. இந்த வருஷம் கண்ணாடிக்காரியின் இரண்டாம் பாகம் எடுக்க ஊருக்கு வந்தான்.

“அக்கா, கண்ணாடி காமெடி இருந்தாதான் படம்னு தயாரிப்பாளர் சொல்லிட்டாரு. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் உப்பு வாரத்தான் வரணும்.”

“வாடா. ஆளு பத்தாமதான் கெடக்குது” என்றேன்.

பின்னால் கூட்டமாக நிற்க எங்களையே கூப்பிட்டான். காஸ்ட்யூம்காரர் எல்லோருக்கும் புதுக் கண்ணாடி கொடுத்தார். ஷூட்டிங் என்றதும் பெண்கள் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டார்கள். கிண்டல் செய்த அதே பைக் பையன்கள், “ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமாங்க?” என்று பணிவாகக் கேட்டார்கள். ரொம்ப நாள் கழித்து உப்புக் குவியலைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

உச்சி வெயிலில் காமெடி நடிகர் வேஷத்தோடு வந்து இடுப்பை ஆட்டி நடந்தார். சிரிப்பே வரவில்லை. முண்டாசும் சட்டையும் கண்ணாடியுமாக நாங்கள் இத்தனை பேர் நிற்கும்போது, அவரும் கூலி வேலைக்கு வந்த இன்னொருத்தி மாதிரிதான் இருந்தார். உதவியாளர்கள் தம்பியின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சிரிக்காததால் அவர்களும் சிரிக்கவில்லை.

தம்பி வரப்பு மேல் நடந்து என்னிடம் வந்தான். “அக்கா, எல்லாரையும் கண்ணாடியைக் கழட்டச் சொல்லு. அவரு மட்டும் போட்டிருந்தாதான் சிரிப்பு வரும்.”

“கழட்டுனா எங்களுக்குக் கண்ணுல தண்ணிதாண்டா வரும்.”

“ஒரே ஒரு ஷாட்டுக்குத்தான்க்கா. என் பொழப்பே இதுல இருக்குது.”

“எங்க பொழப்பும் இதுலதான் இருக்குது. மொதல்ல நீ கழட்டு.”

அப்போதுதான் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், வெளிநாட்டுச் சரக்கு. கேமராமேன், மேனேஜர், டீ கொடுக்கிறவர் வரை யூனிட்டே போட்டிருந்தது. அவர்களை யாரும் ஸ்டெப் போடச் சொன்னதில்லை.

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, உப்புக் குவியலை நேராகப் பார்த்தான். உடனே கண் இடுங்கித் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. வரப்பு என்று நினைத்துப் பாத்திக்குள் காலை வைத்து, உப்புத் தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தான். உதவியாளர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் என்னைச் சிரிக்க வைத்தது அந்த ஒரு தடவைதான். சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை.