மஞ்சள் கோடு போட்ட மோட்டார்

புரட்டாசியின் கடைசி ஞாயிறு. விடியற்காலை ஐந்து பத்துக்குப் பழவேற்காட்டில் பஸ் ஏறினேன். மடியில் ஸ்பேனர் பை, மனதில் கோபம். நானும் என் தம்பியும் இங்கே படகு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். இரண்டு மாதம் முன்பு ஒரு பழைய ஃபைபர் படகையும் பதினைந்து ஹெச்.பி. மோட்டாரையும் படப்பைப் பக்கம் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு விற்றோம். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருப்பவர்களுக்குப் படகு எதற்கு என்று அப்போதே தம்பி சிரித்தான். வியாழக்கிழமை அந்தச் சங்கத் தலைவர் ஏகாம்பரம் போன் செய்தார்.

"யக்கா, உங்க மோட்டாரு போட்டோட மூக்க தூக்கினு நிக்க வைக்குது. முன்னால ஒண்ணியும் தெரியல. ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. சரியாச்சின்னா வச்சிக்கிறோம். இல்லாட்டி வண்டியில ஏத்தி அனுப்பிடுறோம்."

என் மோட்டாரைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நானே பிரித்து, நானே மாட்டி, எங்கள் ஏரியில் நானே ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது.

ஆறரைக்குப் பொன்னேரியில் மின்சார ரயில். சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி. எட்டே முக்காலுக்குத் தாம்பரம். மேற்குப் பக்கம் வந்து இரண்டு இட்லி, ஒரு வடை தின்று, படப்பைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். நாற்பது ரூபாய். பையை உள்ளே இழுத்து வைத்த டிரைவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இம்மாங் கனம் கனக்குது?"

"போட்டு மோட்டார் சாமான்."

"படப்பையில போட்டா?" என்று அவர் சிரித்தார். ஆனால் பக்கத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண் சிரிக்கவில்லை. "போன மழைக்கு எங்க தெருவுல போட்டுதாங்க்கா வேணும். சோத்துப் பொட்டலத்தையே கயிறு கட்டித்தான் மேல இழுத்தோம்" என்றாள். அதற்குப் பிறகு டிரைவரும் சிரிக்கவில்லை.

பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். வழியெல்லாம் மனை விற்பனைப் பலகைகள், கொடி நட்ட காலி நிலங்கள், இடையிடையே கொஞ்சம் நெல். சங்கத்தின் நகர் பிரதான சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. போகப் போகத் தெரு இறங்கிக்கொண்டே போகிறது. கடைசித் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தால் சாலை என் தோளுக்கு மேலே இருந்தது. தண்ணீருக்கு இந்த இடத்தைக் காட்டித் தரவே வேண்டாம்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றார். ஐம்பது வயது, ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த மனைகளில் பாதி ஒருகாலத்தில் அவர் குடும்பம் உழுத நிலம் என்று அவரே சொன்னார். "தாழ்வான எடம்னு எங்கப்பாருக்குத் தெரியும். அதான் நெல்லு போட்டாரு. நாங்க வூடு போட்டோம்" என்றார். நேர்மையான மனிதர். என் கோபத்தில் கொஞ்சம் அங்கேயே இறங்கிவிட்டது.

படகை ஓட்டப்போகிறவள் ஸ்டெல்லா. முப்பத்தைந்து வயதிருக்கும். வயரிங் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. அவள் கணவர் ஜெயராஜ் மறைமலை நகரில் ஒரு கார் பாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி தாம்பரத்தில் டயாலிசிஸ். போன மழையில் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்று ஒரு முறை தவறிப்போனது. மூச்சு முட்டி, யாரோ டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். வீடு திரும்பப் பதினொரு நாள் ஆனது. அதன் பிறகுதான் சங்கம் படகு வாங்கியது.

"போட்டு ஓடலைன்னா மழ முடியற வரைக்கும் தாம்பரத்துல ரூம் எடுக்கணும்க்கா. அவர தனியா விட முடியாது. நான் வேலைய விட்டுட்டுத்தான் போவணும்" என்றாள் ஸ்டெல்லா. அழவில்லை. ஷிப்ட் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

பத்தே காலுக்குப் படகைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கிளம்பினோம். ஜெயராஜும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஒரகடம் சாலையில் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்களுக்கு நடுவே எங்கள் படகு மூக்கை நீட்டிக்கொண்டு போனது. கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே பார்த்தார்கள். ஒன்பது கிலோமீட்டர் போய், ஊர்க்காரர்களிடம் முன்பே கேட்டு வைத்திருந்த ஒரு ஏரிக்கரையில் இறக்கினோம். எதிர்க்கரைக்கு அப்பால் நீலத் தகரக் கூரைகள். ஏரியில் நிறையத் தண்ணீர் இருந்தது.

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நானும் ஸ்டெல்லாவும் ஏறினோம். ஏகாம்பரம் சொன்னது பொய்யில்லை. வேகம் கூட்டியதும் மூக்கு எழும்பி வானத்தைப் பார்த்தது. பிறகு தொப் தொப்பென்று குதிக்க ஆரம்பித்தது. திருப்பினால் மோட்டார் விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைப் பிடித்து அலறியது. கைப்பிடியில் ஸ்டெல்லாவின் கை வெளுத்திருந்தது. போன மாதம் இதே ஏரியில் முன்னால் தெரியாமல் கரையில் இடித்திருக்கிறாள். மூக்கை அமுக்க மணல் மூட்டை போட்டிருந்தார்கள். பெட்ரோல் டாங்கியை நடுவுக்கு நகர்த்தியிருந்தார்கள். ஒரு முறை ஏகாம்பரத்தையே முன்னால் உட்கார வைத்தார்களாம். அவர் நனைந்ததுதான் மிச்சம்.

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் குனிந்து பார்த்தேன். மோட்டாரைப் பின்பலகையில் மாட்டும் இரும்புத் தாங்கியில் வரிசையாக ஐந்து ஓட்டைகள் உண்டு. அதில் ஒன்றில் குறுக்கே ஒரு கம்பி செருகியிருக்கும். மோட்டாரின் கால் அந்தக் கம்பியில் சாய்ந்து நிற்கும். கம்பியைப் படகுப் பக்கம் உள்ளே மாற்றினால் மோட்டார் கால் உள்ளே வரும், மூக்கு தணியும். வெளியே மாற்றினால் மூக்கு எழும். நான் அனுப்பியது இரண்டாவது ஓட்டையில். இப்போது இருந்தது ஐந்தாவதில், கடைசியில். கம்பியின் மேலும் தாங்கியின் மேலும் சேர்த்து, அழகாக ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு.

"இத யாரு மாத்தினது?"

ஸ்டெல்லா திரும்பி, கரையில் இருந்த ஜெயராஜைப் பார்த்தாள்.

"சரி, நகத்திப் பாத்தீங்களா?"

"மார்க் போட்டிருக்கேக்கா. செக் பண்ணி ஓகே ஆனதுக்குத்தான் மஞ்ச மார்க் போடுவாங்க. அதத் தொட்டா லைன்ல மெமோதான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்த நகரில் முக்கால்வாசி வீட்டில் கம்பெனி ஆட்கள். அத்தனை பேரும் மூட்டை தூக்கினார்கள், டாங்கி நகர்த்தினார்கள், தலைவரை நனைத்தார்கள். ஒரு சாண் கம்பியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நான் கம்பியில் கை வைத்தேன். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட கேட்டுட்டு செய்யலாம்க்கா. வேலைய விட்டப்புறம் அவர் செக் பண்ண ஒரே பொருள் இதுதான்."

துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம். ஜெயராஜ் வண்டி நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் முகம் இறுகிவிட்டது.

"ரசமட்டம் வச்சுப் பாத்தேங்க. மோட்டார் கால் நேர் செங்குத்து. நூல் பிசகல. கடைசி ஓட்டைலதான் அது நேரா நின்னுச்சு."

"போட்டு அப்ப எப்படிக் கெடந்துது?"

"வாசல்ல."

"சமமா?"

"மழத் தண்ணி பின்னால ஓட்ட வழியா வடியட்டும்னு மூக்குக்குக் கீழ லாரி டயர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். படகையே சாய்த்து வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் நேராக நிறுத்தியிருக்கிறார். மனிதருக்கு நான் மேலே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏகாம்பரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜெயராஜ் எழுந்தார். "மார்க்க மொதல்ல அழிங்க. மார்க் இருக்கும்போது நகத்தக் கூடாது" என்றார். கைக்குட்டையைப் பெட்ரோலில் நனைத்து அவரே துடைத்தார். அவர் துடைத்து முடிக்கும் வரை நாங்கள் காத்திருந்தோம்.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி தண்ணீரில். கம்பி இரண்டாவது ஓட்டையில். ஸ்டெல்லா வேகம் கூட்டினாள். மூக்கு கொஞ்சம் எழுந்து, உடனே படிந்து, படகு வழுக்கிக்கொண்டு ஓடியது. எதிர்க்கரைக் கூரைகள் தெளிவாகத் தெரிந்தன. திருப்பினாள். அலறல் இல்லை. அவள் இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள். நான் தடுக்கவில்லை. முதல் ஓட்டையில் போட்டால் என்ன ஆகும் என்றும் காட்டினேன். மூக்கு தண்ணீரை உழுதது, கைப்பிடி ஒரு பக்கமாக இழுத்தது. "கை வலிக்குதுக்கா" என்றாள். அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஜெயராஜை ஏற்றிக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்டெல்லாவின் பக்கத்தில் பின்னால் உட்கார்ந்துகொள்வார். அப்படி உட்கார்ந்து பார்த்தபோதும் இரண்டாவது ஓட்டை சரியாக இருந்தது.

"அப்ப ரெண்டுதான் ஃபைனலா?" என்றார்.

"ஃபைனல்னு ஒண்ணு இதுல கெடையாதுப்பா. ஆளு எங்க உக்காருதோ அதுக்கேத்த மாதிரி மாத்தணும்."

அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பாகத்துக்கு ஒரு அளவுதான் என்று பதினான்கு வருடம் சொன்ன மனிதர். சிறிது யோசித்துவிட்டு, "திரும்பி வரும்போது எனக்கு உக்கார முடியாது. தல சுத்தும். முன்னால படுத்துக்கினுதான் வரணும்" என்றார். சொல்லிவிட்டு அப்போதே முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். ஓட்டிப் பார்த்தோம். கனம் முன்னால் போனதில் மூக்கு அழுந்தி, தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது. இன்ஜினை அணைத்து, மோட்டாரைத் தூக்கி, ஸ்டெல்லாவே கம்பியை உருவி மூன்றாவது ஓட்டைக்கு மாற்றினாள். இந்த முறை ஒரு சொட்டு தெறிக்கவில்லை.

"போவும்போது ஒடம்புல ரெண்டர கிலோ தண்ணி ஜாஸ்தி இருக்கும்க்கா. வரும்போது எறக்கிடுவாங்க. அதையும் கணக்குல எடுக்கணுமா?" என்று படுத்தபடியே கேட்டார்.

"ரெண்டர கிலோலாம் போட்டுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார். மூவரும் சிரித்தோம். அன்று அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

கரையில் ஏகாம்பரம் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லபா, திருப்பி அனுப்பல. வச்சிக்கிறோம். மணல் மூட்டையெல்லாம் இனிமே வாணாம்னு சொல்லு" என்பது காதில் விழுந்தது. ஸ்டெல்லாவுக்கும் விழுந்திருக்கும். அவள் லைஃப் ஜாக்கெட்டின் வாரைக் கழற்றத் தெரியாதவள் போல வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஞாயிறு என்பதால் கோழிக் குழம்பு. ஜெயராஜுக்கு மட்டும் உப்பில்லாத தனிச் சமையல், அளந்து ஊற்றிய தண்ணீர். சாப்பிட்டதும் அவர் மஞ்சள் மார்க்கரை எடுத்துக்கொண்டு, படகை இறக்கி வைத்திருந்த வாசலுக்கு வந்தார். மறுபடியும் ஆரம்பிக்கிறாரே என்று பார்த்தேன். இரண்டாவது ஓட்டைக்குக் கீழே 'போக' என்றும், மூன்றாவதற்குக் கீழே 'வர' என்றும் நிதானமாக எழுதினார். கம்பியின் மேல் கோடு போடவில்லை. பிறகு ஒரு சிவப்பு மார்க்கரை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டாவது செக் வேற ஆளு போடணும்க்கா. அதான் ரூல்."

இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில் சின்னதாக டிக் போட்டேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு வேலைக்கு நியமித்ததில்லை.

நான்கு மணிக்குப் படப்பையில் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் யாரும் ஓட்டையை எண்ணுவதில்லை. ஆள் ஏறும்போதே கை தானாகக் கம்பிக்குப் போய்விடும். எழுதி வைத்தால் சிரிப்பார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் தண்ணீரைத் தேடிப் போகிறவர்கள். இவர்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் இறங்குகிறவர்கள். இறங்குகிற அன்று யோசிக்க நேரம் இருக்காது. பொன்னேரி வரும் வரை கட்டைவிரலில் சிவப்பு மை போகவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கமும் கடலுக்கு யாரும் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை, ஜெயராஜின் டயாலிசிஸ் நாள், காலையில் படப்பை முழுக்கத் தண்ணீர் என்று டிவியில் காட்டினார்கள். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன், போகவில்லை. மத்தியானமும் போகவில்லை. கடையைத் திறந்து வைத்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவளிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. நனைந்த மோட்டார், அதன் தாங்கி, என் இரண்டு சிவப்பு டிக்குகள். கம்பி மூன்றாவது ஓட்டையில், 'வர' என்பதற்கு மேலே இருந்தது.